அண்ணனிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

வாசகர் கடிதம் (சுருக்கியும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும்):

"ஐயா, ஸ்தோத்திரம். எனக்கு வயது 44. ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பரம்பரைக் கிறிஸ்தவன். ஞானஸ்நானம், திடப்படுத்தல் எல்லாம் முறையாக ஆனவன். ஆனால் போன லெந்து (தவக்கால) நாட்களில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில்தான் முதல் முறையாக என் பாவத்தை நினைத்து அழுதேன். ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன். மூன்று மாதம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அப்புறம் எல்லாம் வறண்டுவிட்டது.

என் அண்ணன் 18 வருடமாக மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். பத்து வருடத்துக்கு முன் ஊரில் அவருக்கு வீடு கட்டினோம். பணம் அவர் அனுப்புவார், வேலையை நான் பார்த்துக்கொண்டேன். சிமெண்ட், கம்பி பில்களில் கூட்டி எழுதிச் சுமார் 4,20,000 ரூபாய் எடுத்துக்கொண்டேன். கடைசியில் பூச்சு வேலைக்குப் பணம் பற்றாமல் மதினி தன் வளையல்களை அடகு வைத்தார்கள். வீடு பிரதிஷ்டை அன்று அண்ணன் எல்லார் முன்னாலும் என் தோளில் கை போட்டு, 'என் தம்பி இல்லேன்னா இந்த வீடு இல்லை' என்றார்.

கர்த்தரிடம் அறிக்கை செய்துவிட்டேன். அண்ணனிடமும் சொல்ல வேண்டுமா? ஜெபக்குழுவில் ஒரு சகோதரரிடம் யாருக்கோ நடந்தது போலக் கேட்டேன். 'பழையவைகள் ஒழிந்துபோயின, கிளறக் கூடாது' என்றார். மனைவிக்கும் இன்னும் தெரியாது. தசமபாகம் தவறாமல் கொடுக்கிறேன், ஆனாலும் வியாபாரம் படுத்துவிட்டது. என் விசுவாசத்தில் குறைவா? ஆசீர்வாதம் ஏன் வரவில்லை? வருகிற மே மாதம் அண்ணன் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிடுகிறார். எனக்குத் தூக்கமே வருவதில்லை."

அன்புத் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இரண்டு முறையும் பிரதிஷ்டை அன்று அண்ணன் சொன்ன அந்த வரியில்தான் என் கண் நின்றது. பத்து வருடமாக அந்தக் கை உங்கள் தோளிலிருந்து இறங்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அண்ணனிடம் சொல்ல வேண்டும். பணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் சுற்றி வளைத்து எழுதினால் அதற்குள் தப்பிப் போக ஒரு சந்து இருக்கிறதா என்று தேடுவீர்கள். பயத்தில் இருக்கிற யாரும் அப்படித்தான் தேடுவார்கள். ஆனால் இதை ஒரு தண்டனையாக நீங்கள் வாங்கிக்கொண்டால் நான் எழுதியது வீண். மீதி முழுவதும் அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஜெபக்குழுச் சகோதரர் சொன்ன வசனத்தில் தப்பு இல்லை. "ஒருவன் கிறிஸ்துவுக்குள்ளிருந்தால் புதுச்சிருஷ்டியாயிருக்கிறான், பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின." கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியது. அதே பவுல் பிலேமோன் என்கிற ஒரு வீட்டுத் தலைவருக்கும் ஒரு சின்னக் கடிதம் எழுதியிருக்கிறார். ஒரே அதிகாரம், 25 வசனம். பத்து நிமிடம் கூட ஆகாது, இன்றைக்கே ஒரு முறை வாசியுங்கள்.

பிலேமோனுக்கு ஒநேசிமு என்று ஓர் அடிமை. எஜமானுக்கு நஷ்டம் உண்டாக்கிவிட்டு ஓடிவந்தவன் என்றுதான் சபை காலம்காலமாக அந்தக் கடிதத்தை வாசித்து வந்திருக்கிறது. ஓடிவந்த இடத்தில், காவலில் இருந்த பவுலைச் சந்திக்கிறான், விசுவாசியாகிறான். பவுலுக்கு அவன் பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறான். வயதான காலத்தில், கட்டப்பட்டிருக்கிற நிலையில், பக்கத்தில் இருந்து உதவ ஒரு வாலிபன். பவுல் அவனிடம், "தம்பி, பழையவைகள் ஒழிந்துபோயின, நீ இங்கேயே என்னோடு இரு" என்று சொல்லியிருக்கலாம். பவுலுக்கும் அவனைத் தன்னிடம் வைத்துக்கொள்ளத்தான் மனம் இருந்தது. அதைக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறார். ஆனாலும் திருப்பி அனுப்பினார். அந்தக் காலத்து ரோமச் சட்டத்தில் ஓடிப்போன அடிமைக்கு என்னென்ன செய்ய முடியும் என்பது இருவருக்கும் தெரியும். ஒநேசிமு அதே வாசலுக்குத் திரும்பிப் போனான்.

அவன் கையில் இருந்த கடிதத்தில் ஒரு வரி உண்டு. அவன் உமக்கு அநியாயம் ஏதும் செய்திருந்தால், கடன்பட்டிருந்தால், "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்கிறார் பவுல். உடனே, இதை என் சொந்தக் கையாலே எழுதுகிறேன், நான் செலுத்தித் தீர்ப்பேன் என்றும் சேர்க்கிறார். கைப்பட எழுதிக்கொடுத்த புரோநோட்டு மாதிரி.

நீங்கள் கடைக்காரர். பற்று நோட்டு வைத்திருப்பீர்கள். அந்த வரியைப் பற்று நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடு என்று பவுல் கேட்கவில்லை. கடனே இல்லை என்றும் சொல்லவில்லை. பேரை மாத்தி என் பேரில் எழுது என்கிறார். சிலுவையில் நமக்கு நடந்ததும் இதுதான் என்று நான் விசுவாசிக்கிறேன். நம்முடைய பாவத்தைக் கர்த்தர் ஒரு சின்ன விஷயம் போலத் தள்ளிவிட்டுப் போகவில்லை. முழுத்தொகையையும் கூட்டிப் பார்த்து, தம்முடைய பேரில் எழுதச் சொன்னார்.

"அப்படியென்றால் நான் ஏன் ஐயா கட்ட வேண்டும்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். உங்களுக்கு இரண்டு கணக்கு இருக்கிறது. கர்த்தரிடம் இருந்த கணக்கில் உங்களால் ஒரு ரூபாய் கூட அடைக்க முடியாது, அதை அவரே ஏற்றுக்கொண்டார். போன லெந்தில் நீங்கள் அழுதபோது உங்களுக்குக் கிடைத்த சந்தோஷம் பொய்யில்லை. அது அந்தக் கணக்கு தீர்ந்த சந்தோஷம். அண்ணன் கணக்கு வேறு. அது ரூபாயில் எண்ணக்கூடியது, வளையலில் எண்ணக்கூடியது. முதல் கணக்கு தீர்ந்தவனுக்குத்தான் இரண்டாவது கணக்கைத் திறந்து பார்க்கத் தைரியம் வரும். உங்களுக்குத் தூக்கம் வராததற்குக் காரணம், கர்த்தர் உங்களைக் கைவிட்டதல்ல. அவர் உங்களை அண்ணன் வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் நிற்கிறார், நீங்கள் கதவைத் தட்டாமல் நிற்கிறீர்கள்.

சகேயு கதை ஞாயிறு பள்ளியிலிருந்தே நமக்குத் தெரியும். காட்டத்தி மரமும் குள்ளமான ஆளும் நினைவில் நிற்கும், கணக்கு மறந்துவிடும். நீங்கள் வியாபாரி என்பதால் கணக்கை மட்டும் சொல்கிறேன். ஆயக்காரர், அதாவது வரி வசூலிப்பவரான சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று இயேசுவிடம் சொன்னார். நியாயப்பிரமாணத்தின்படி, தானாக முன்வந்து குற்றத்தை அறிக்கையிடுகிறவன் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும். எண்ணாகமம் 5இல் இருக்கிறது. நாலு மடங்கு என்பது ஆட்டைத் திருடி, அதை அடித்துவிட்ட அல்லது விற்றுவிட்ட திருடனுக்கு யாத்திராகமம் 22 சொல்வது. யாரும் பிடிக்காமலே சகேயு திருடனுக்குரிய சட்டத்தைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார். அதற்கு முன்பே சொத்தில் பாதியை ஏழைகளுக்கு என்று சொல்லியாயிற்று. மீதிப் பாதியிலிருந்து நாலு மடங்கு கொடுக்க வேண்டும். மொத்தச் சொத்தில் எட்டில் ஒரு பங்கு அநியாயமாக வந்திருந்தால் கூட, கையில் ஒன்றும் மிஞ்சாது. எரிகோவில் ஆயக்காரருக்குத் தலைவராக இருந்தவருக்கு இந்தக் கணக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் எழுந்து நின்று சொன்னார்.

ஆனால் வரிசையைக் கவனியுங்கள். "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று இயேசு சொன்னது முதலில். சகேயு வாயைத் திறந்தது அப்புறம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் வீட்டுக்கு வருகிறேன் என்று அவர் சொல்லவே இல்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் கடைசி வரி எனக்குக் கவலையாக இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்த இன்னொருவனும் வேதத்தில் இருக்கிறான். யூதாஸ். முப்பது வெள்ளிக்காசையும் கொண்டுபோய்க் கொடுத்தான், பாவம் செய்தேன் என்று வாயால் சொல்லவும் செய்தான். ஆனால் யாரிடம் போனான்? பிரதான ஆசாரியரிடம். அவர்கள், "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்றார்கள். குற்றத்தைச் சுமந்துகொண்டு தப்பான வாசலில் நின்றவனுக்கு அதற்குமேல் போக இடம் இல்லாமல் போயிற்று. பேதுரு செய்ததும் சின்னக் குற்றம் இல்லை. பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே, அந்த ஆளை எனக்குத் தெரியாது என்று மூன்று தரம் சொன்னவர். ஆனால் சில நாள் கழித்துக் கரையில் நிற்பவர் ஆண்டவர் என்று தெரிந்ததும், படகு போய்ச் சேரும் வரைக்கும் பொறுக்காமல் கடலில் குதித்தார். கரையில் அவருக்காக எரிந்துகொண்டிருந்ததும் கரிநெருப்புதான். யோவான் அந்தச் சொல்லை அந்த இரண்டு இடத்தில்தான் எழுதுகிறார். அதன்மேல் மீன் வைத்திருந்தது, பக்கத்தில் அப்பமும் இருந்தது. முதலில் சாப்பாடு, அப்புறம்தான் என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா என்று மூன்று தரம் கேட்ட அந்தக் கேள்வி.

விசுவாசத்தில் குறைவா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்து விசுவாசம் என்பது இதுதான்: குற்றம் செய்த காலோடு யாரை நோக்கி ஓடுகிறோம் என்பது. நெஞ்சுக்குள் எவ்வளவு நிச்சயம் இருக்கிறது என்று அளந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அண்ணன் என்ன சொல்வாரோ தெரியாது, மதினி மறுபடி உங்கள் வீட்டு வாசலை மிதிப்பார்களோ தெரியாது. தெரியாமலே கர்த்தரை நம்பிப் போய்ப் பேசுவீர்களானால் அதுவே விசுவாசம். ஆபிரகாமும் போகும் இடம் தெரியாமல்தான் புறப்பட்டார்.

இன்னொன்று. தூக்கம் வராத அந்த ராத்திரிகளில் உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் ஒரு நிமிடம் வந்தால்கூட, விடியும் வரை காத்திருக்க வேண்டாம். மனைவியை எழுப்புங்கள், அல்லது உங்கள் சபைப் போதகரான ஐயருக்குப் போன் போடுங்கள். மருத்துவரையும் பாருங்கள். அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

மனந்திரும்புதல் என்ற நம் சொல்லைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. பழைய ஏற்பாட்டில் இதற்கு வரும் எபிரெயச் சொல் 'ஷூப்'. போன வழியை விட்டுத் திரும்பி வருவது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'மெட்டனோயா'. மனம் மாறுவது. தமிழில் வேதத்தை மொழிபெயர்த்தவர்கள் மனம், திரும்புதல் இரண்டையும் ஒரே சொல்லில் சேர்த்து நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். கத்தோலிக்கச் சகோதரர்கள் உத்தம மனஸ்தாப மந்திரம் என்று ஜெபிப்பார்கள். வீட்டுப் பேச்சில் மனஸ்தாபம் என்றால் அண்ணன் தம்பிக்குள் வருகிற பிணக்கு. பாவத்துக்காக வருந்துவதற்கும் கூடப்பிறந்தவனோடு உள்ள முறிவுக்கும் நம் ஜனங்கள் ஒரே சொல்லைப் பேசி வந்திருப்பது எனக்கு எப்போதும் பெரிய விஷயமாகப் படும். உங்கள் விஷயத்தில் மனம் மாறிவிட்டது. கால் இன்னும் திரும்பவில்லை. லெந்துக் கூட்டத்தில் பாதி வழி வந்திருக்கிறீர்கள்.

நான் குருத்துவத்துக்கு வந்து முதலில் போன சேகரத்தில் (சபை வட்டாரத்தில்) ஒரு பெரியவர் இருந்தார். தான் போன பிறகு, பெயர் இல்லாமல் சொல்லலாம் என்று அவரே அனுமதி கொடுத்ததால் எழுதுகிறேன். ஊரில் பலசரக்குக் கடை. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு, மஞ்சள் பையோடு ஆலயத்தின் வெஸ்ட்ரி அறைக்குள் வந்தார். பையிலிருந்து ஒரு கிலோ எடைக்கல்லை எடுத்து மேசையில் வைத்தார். இரும்புக் கல். அதைத் திருப்பிக் காட்டினார். அந்தக் கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும், எடை சரியாக வருவதற்காக ஈயம் ஊற்றி, அதன்மேல் சர்க்கார் முத்திரை குத்துவார்கள். அவர் கல்லில் முத்திரை ஓரத்தோடு நின்றது, நடுவில் ஈயத்தைக் காணோம். ஆணி வைத்துத் தோண்டி எடுத்திருக்கிறார். என் சுண்டுவிரல் நுனி உள்ளே போகிற அளவுக்குக் குழி. "இருபத்திரண்டு வருசம் ஐயா. இந்தக் கல்லுலதான் இந்த ஊருக்கே பருப்பு நிறுத்தேன்" என்றார். நீதிமொழிகளில் "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்று அன்று காலையில் வாசித்திருந்தோம். வாசித்தது அவருடைய பேரன்.

யாருக்குத் திருப்பிக் கொடுப்பது? ஊரில் பாதிப் பேர் இறந்துவிட்டார்கள், பாதிப் பேர் பிழைக்கப் போய்விட்டார்கள். எனக்கும் அப்போது அனுபவம் கிடையாது, என்ன சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் முழங்காலில் நின்றோம், அவ்வளவுதான். அடுத்த வாரம் புதுக் கல் வாங்கி முத்திரை போட்டுக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து கடையை மூடும் வரை, தராசு முள் நேரே நின்ற பிறகும் ஒரு கை அள்ளிப் போடுவார். யாருக்கு நிறுத்தாலும் அப்படித்தான். வயசாகிவிட்டதால் கை தடுமாறுகிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவர் மறுத்துச் சொல்லவில்லை. அவருக்கு அண்ணன் மாதிரி ஒருவர் உயிரோடு, முகவரியோடு இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் நினைத்துக்கொண்டேன்.

ஆசீர்வாத விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. தசமபாகம் கொடுத்தால் வியாபாரம் பெருகும் என்று உங்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். காணிக்கை கொடுப்பது நல்லது, நானும் கொடுக்கிறேன். ஆனால் அண்ணனுக்கு 4,20,000 ரூபாய் பாக்கி வைத்துக்கொண்டு கர்த்தருக்குப் பத்தில் ஒன்று கொடுப்பது வரிசை மாறின காரியம். நீங்கள் என் சேகரத்தில் இருந்தால் உங்கள் காணிக்கை உறையை உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்து, முதலில் அண்ணனுக்குக் கொடு என்று சொல்லியிருப்பேன். இது என் சொந்தச் சரக்கு இல்லை. காணிக்கை செலுத்த வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முன்பு அவனோடே ஒப்புரவாகு என்றார் ஆண்டவர். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயா நாட்டு ஜனங்கள். பலிபீடம் இருந்தது எருசலேமில். நூறு கிலோமீட்டருக்கு மேல், சில நாள் நடை. ஆட்டை அங்கேயே விட்டுவிட்டு, ஊருக்கு நடந்து வந்து, ஒப்புரவாகி, மறுபடி நடந்து போ என்கிறார். மஸ்கட் தூரம் என்று நமக்குத் தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

நம் தென்னிந்தியத் திருச்சபைக்கு 1950இல் வந்த திருவிருந்து ஆராதனை முறைமையில், காணிக்கை படைப்பதற்கு முன்னால் சமாதானம் கொடுப்பதை வைத்ததும் இந்த வசனத்தை மனதில் வைத்துத்தான். ஒருவர் வலது கையை மற்றவர் கையோடு சேர்த்து, இடது கையால் மூடிப் பிடிப்போம். லீவில் வந்தபோதெல்லாம் அண்ணன் ஆலயத்தில் உங்கள் பக்கத்தில்தான் நின்றிருப்பார். அந்தக் கையை எப்படிப் பிடித்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

பாக்கியவான் யார் என்று தாவீது 32ஆம் சங்கீதத்தில் சொல்கிறார். மீறுதல் மன்னிக்கப்பட்டவன், பாவம் மூடப்பட்டவன். கர்த்தர் மூடினால் அது பாக்கியம். நாமே மூடி வைத்தால் என்ன ஆகும் என்பதையும் அடுத்த சில வரிகளிலேயே சொல்கிறார்: "நான் அடக்கிவைத்தமட்டும்" எலும்புகள் உலர்ந்தன, சாரம் "உஷ்ணகால வறட்சிபோல" வறண்டுபோயிற்று. நீங்களும் கடிதத்தில் வறண்டுவிட்டது என்ற சொல்லைத்தான் எழுதியிருக்கிறீர்கள். சித்திரை வெயிலில் கரிசல் நிலம் வெடித்துக் கிடப்பதைப் பார்த்த நமக்கு அந்த வசனத்துக்கு விளக்கம் தேவையில்லை.

நூறத்தனையாக, நூறு மடங்காகத் தருவேன் என்று ஆண்டவர் வாக்குக் கொடுத்திருக்கிறார், உண்மைதான். மாற்கு 10. அதே வசனத்தில் "துன்பங்களோடேகூட" என்று ஒரு சொல் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வாக்குத்தத்த அட்டை அடிப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது. அவர் தருவதாகச் சொன்ன பட்டியலில் வீடு, நிலத்தோடு சகோதரர், சகோதரிகள், தாய்மார் என்று மனுஷர்தான் நிறைய வருகிறார்கள். உங்கள் கடை மறுபடி ஓடுமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு அண்ணன் உங்களுக்கு உண்மையாகவே கிடைக்கலாம். இப்போது உங்களுக்கு இருப்பது, நீங்கள் காட்டிய ஒரு தம்பியை நேசிக்கிற அண்ணன். உங்களைத் தெரிந்து நேசிக்க அவருக்கு இதுவரை நீங்கள் வாய்ப்பே கொடுக்கவில்லை.

கிறிஸ்தவன் என்ற சொல் புதிய ஏற்பாடு முழுக்க மூன்றே இடத்தில்தான் வருகிறது. சீஷன் என்ற சொல் 250 தடவைக்கு மேல் வருகிறது. சீஷன் என்றால் கற்றுக்கொள்கிறவன், ஒருத்தர் பின்னால் நடக்கிறவன். லூத்தர் 1517இல் எழுதின 95 வாக்கியங்களில் முதலாவதே, விசுவாசியின் முழு வாழ்க்கையும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். அதனால் அண்ணனிடம் பேசிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். கடையில் நாளைக்கு எழுதப் போகிற பில்லும் இதில் சேர்த்திதான்.

இனி, எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

முதலில் மனைவியிடம் சொல்லுங்கள், இந்த வாரமே. அந்தப் பணத்தில் அவர்களும் சாப்பிட்டிருக்கிறார்கள், தெரியாமலே. இனி வீட்டுச் செலவைக் குறைக்க வேண்டியிருக்கும், அதுவும் அவர்கள் தலையில்தான் விழும். கோபப்படுவார்கள். அந்தக் கோபத்துக்கு நேரம் கொடுங்கள், உடனே ஜெபத்துக்குக் கூப்பிடாதீர்கள். அப்புறம் உங்கள் சேகர ஐயரிடம், அல்லது நீங்கள் நம்புகிற ஒரு மூப்பரிடம் சொல்லி, அண்ணனிடம் போகும் நாளில் கூட வரக் கேளுங்கள். ஒநேசிமுவும் தனியாகப் போகவில்லை, பவுலோடு ஊழியம் செய்த தீகிக்கு என்பவர் கூடப் போனார். ஒருவரிடம் சொல்லிவிட்டால் பின்வாங்குவதும் கஷ்டமாகிவிடும்.

பழைய பில்களை எடுத்து உட்காருங்கள். கிடைக்காததை நினைவிலிருந்து எழுதுங்கள், சந்தேகம் வந்தால் அண்ணனுக்குச் சாதகமாக எழுதுங்கள். 4,20,000 என்றால் ஐந்தில் ஒன்று 84,000, மொத்தம் 5,04,000. மதினி வளையலுக்குக் கட்டின வட்டியையும் சேருங்கள். இன்னொரு விஷயமும் இருக்கிறது, கொஞ்சம் அஞ்சி அஞ்சித்தான் கேட்கிறேன். பில்லில் மட்டும்தான் கூட்டி எழுதினீர்களா, இல்லை பில்லில் 12 எம்எம் கம்பி என்று எழுதிவிட்டு 10 எம்எம் போட்டீர்களா? அப்படி ஏதாவது இருந்தால் அதற்கு மே மாதம் வரை தவணை கிடையாது. அந்தத் தளத்தின் கீழே பிள்ளைகள் தூங்குகிறார்கள். இப்போதே சொல்லி, ஒரு இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும்.

அது இல்லையென்றால், போனில் சொல்ல வேண்டாம் என்பது என் யோசனை. வேலை முடிந்து வந்து, தனி அறையில் இருக்கிற மனிதருக்கு ராத்திரி பத்து மணிக்கு இதைக் கேட்டுவிட்டு யாரிடம் போய் உட்கார முடியும்? வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அவர் வந்து, சொந்தக்காரர் கூட்டம் ஓய்ந்து, பெட்டிகளைப் பிரித்து முடித்த பிறகு, முதல் திருவிருந்து ஞாயிறுக்கு முன்னால் போங்கள். அதுவரை மாதாமாதம் முடிந்ததைத் தனியாகச் சேர்த்து வையுங்கள். வெறுங்கையோடு போக வேண்டாம்.

பேசும்போது "கர்த்தர் என்னை மன்னித்துவிட்டார்" என்று ஆரம்பிக்காதீர்கள். உங்களுக்கு அது சத்தியம். அந்த நேரத்தில் அவர் காதுக்கு அது, நீ மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை என்பது போல விழும். கடை கஷ்டத்தில் இருந்தது, பிள்ளை பீஸ் கட்ட வேண்டியிருந்தது என்ற காரணங்களையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இவ்வளவு எடுத்தேன், இன்ன பில்லில் எடுத்தேன், நீங்கள் என் தோளில் கை போட்ட அன்றைக்கு எனக்கு இது தெரியும். அவ்வளவு போதும். மதினியிடமும் தனியாகச் சொல்லுங்கள். அது அண்ணன் வழியாகப் போய்ச் சேர வேண்டிய செய்தி இல்லை.

மன்னிப்புக் கேளுங்கள், ஆனால் அன்றைக்கே பதில் வேண்டும் என்று நிற்காதீர்கள். உங்களுக்கு இதைச் சுமக்கப் பத்து வருடம் ஆனது. அவருக்கு இறக்கி வைக்க ஒரு வருடமாவது ஆகலாம். கத்தினால் கேட்டுக்கொள்ளுங்கள். பேசாமல் இருந்தாலும் மாதத் தவணையை நிறுத்தாதீர்கள். "சரி விடுடா, பணம் வேண்டாம்" என்று உடனே கட்டிப் பிடித்தாலும், பணத்தை மதினி கையிலாவது கொடுத்துவிட்டு வாருங்கள். ஊருக்குள் சொல்லிவிட்டார் என்றால், அதுவும் அவருடைய உரிமை என்று இருந்துவிடுங்கள்.

வாசிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாப் பாவத்தையும் இப்படி நேரே போய்ச் சொல்ல முடியாது. சொன்னால் மூன்றாவது மனுஷருக்கு அடி விழும், ஆபத்து வரும் என்கிற விஷயங்கள் உண்டு. அவற்றை உங்கள் ஐயரிடமோ நல்ல ஆலோசகரிடமோ பேசாமல் செய்யாதீர்கள். இந்தத் தம்பியுடையது அந்த வகை இல்லை.

தம்பி, அண்ணன் பெயரும் உங்கள் பெயரும் என் ஜெப நோட்டில் ஒரே பக்கத்தில் இருக்கிறது. மனைவியிடம் பேசியதும் ஒரு வரி எழுதுங்கள். மே மாதத்தில் உங்கள் ஐயர் ஊரில் இல்லையென்றால் சொல்லுங்கள், நான் பஸ் ஏறி வருகிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் ஐயா